மார்க் போப்பின் முதல் பதின்மூன்று ஆட்டங்கள்

2024 நவம்பர் 4. லெக்சிங்டன் ரப் அரீனாவில் கென்டக்கி 103, ரைட் ஸ்டேட் 62. ஐந்து நாள் கழித்து அதே இடத்தில் கென்டக்கி 100, பக்னெல் 72. புதுப் பயிற்சியாளர் மார்க் போப் வந்து முதல் இரண்டு ஆட்டத்திலும் அணி நூறைத் தொட்டால் ஊரே கொண்டாடத்தான் செய்யும். ஆனால் அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் நவம்பர் மாத ஸ்கோரை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய பல்கலைக்கழகம் சின்னப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்துத் தன் ஊருக்கு அழைத்து ஆடும் மாதம் அது. பயணமும் எதிரணி ரசிகர்களும் வந்தவர்களுக்கு, வசதியெல்லாம் வீட்டுக்காரர்களுக்கு. நாற்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பதால் ஒரு அணி நல்ல அணி என்று ஆகிவிடாது. அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தால் மட்டும் ஏதோ பெரிய கோளாறு என்று உறுதியாகச் சொல்லலாம்.

அப்படியானால் புது ஆளின் கைவண்ணத்தை எப்படித் தெரிந்துகொள்வது? மார்க் போப்பின் முதல் சீசனின் தொடக்கத்தை இதற்கு எடுத்துக்கொள்கிறேன். அணி முழுக்கப் புதிது, முறையும் புதிது, பழைய பழக்கத்தின் மேல் பழி போட வழியே இல்லை. சுத்தமான சிலேட்டில் எழுதியது போல எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு தேசியப் பட்டங்கள் வென்ற அணி கென்டக்கி. ஜான் கலிபாரி 15 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தார். 2012-இல் பட்டம் வாங்கித் தந்தவர். 2024 மார்ச்சில் தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே ஓக்லண்ட் என்ற சின்ன அணியிடம் 80-76 என்று தோற்றார்கள். அன்று ஓக்லண்டின் ஜாக் கோல்கி, வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சுகளில் பத்தைப் போட்டு 32 புள்ளி எடுத்தார். ஏப்ரலில் கலிபாரி ஆர்கன்சாவுக்குக் கிளம்பிவிட்டார். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திலிருந்து போப் வந்தார். 1996-இல் பட்டம் வென்ற கென்டக்கி அணியின் கேப்டன்களில் ஒருவர் அவர். ஊருக்கு அவர் புதியவரில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த உடைமாற்று அறையில் ஆளே இல்லை. கலிபாரியின் வீரர்களில் சிலர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள், சிலர் அவருடனே போனார்கள், மற்றவர்கள் வேறு கல்லூரிகளுக்கு மாறினார்கள்.

கலிபாரி நம்பியது பதினெட்டு, பத்தொன்பது வயதுத் திறமையை. போப், வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் இடமாற்றப் பட்டியலைத் திறந்து வயதில் மூத்தவர்களை எடுத்தார். சான் டியேகோ ஸ்டேட்டிலிருந்து லமான்ட் பட்லர். 2023 தேசியப் போட்டியின் அரையிறுதியில் கடைசி நொடிப் பந்தைப் போட்டு அணியை இறுதிக்குக் கொண்டுபோனவர். டிரெக்சலிலிருந்து அமாரி வில்லியம்ஸ். இங்கிலாந்துக்காரர், இடதுகைக்காரர், தன் லீகில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். டேட்டனிலிருந்து கோபி ப்ரேயா. முந்தைய சீசனில் மூன்று புள்ளி வீச்சில் கிட்டத்தட்ட 50 சதவீதம், நாட்டிலேயே முதலிடம். வேக் ஃபாரஸ்டிலிருந்து ஆண்ட்ரூ கார், ஓக்லஹோமாவிலிருந்து ஓடேகா ஓவே, வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து எஸ்டோனியர் கெர் க்ரீசா. போப்போடு பிரிகாம் யங்கிலிருந்தே வந்தவர் ஜாக்சன் ராபின்சன். கோவிட் காலத்தில் எல்லோருக்கும் ஒரு சீசன் கூடுதலாகக் கிடைத்ததால் இவர்களில் பலர் கல்லூரியில் ஐந்தாம் ஆண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிச் சேர்ந்த ஆட்களை ஓர் அணியாக்க எத்தனை நேரம் கிடைக்கும் என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. விதிப்படி கோடையில் எட்டு வாரம், வாரத்துக்கு எட்டு மணி நேரம். அதிலும் பந்தோடு மைதானத்தில் நிற்பது நான்கு மணி நேரம்தான், மீதி உடற்பயிற்சிக்கு. அப்புறம் முதல் ஆட்டத்துக்கு முந்தைய 42 நாட்களுக்குள் 30 முழுப் பயிற்சிகள். சீசன் தொடங்கியதும் வாரத்துக்கு இருபது மணி நேர வரம்பு. இவ்வளவு குறைந்த நேரத்தில் பயிற்சியாளர் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். முதல் மாதத்தில் ஒரு அணி எதில் சரளமாக இருக்கிறது என்று பார்த்தால், பயிற்சியாளர் தன் நேரத்தை எதில் கொட்டினார் என்று தெரிந்துவிடும். போப் தாக்குதலில் கொட்டினார்.

அவருடைய முறையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் 'நிறைய த்ரீ போடுவார்கள்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பிரிகாம் யங்கில் கடைசி சீசனில் ஆட்டத்துக்கு முப்பதைத் தாண்டி மூன்று புள்ளி வீச்சுகள் போனது உண்மைதான். கணக்கும் அதற்குத் துணை நிற்கிறது. மூன்று புள்ளி வீச்சில் 36 சதவீதம் விழுந்தால் ஒரு வீச்சுக்கு 1.08 புள்ளி. நடுத்தூரத்தில் நின்று எறியும் இரண்டு புள்ளி வீச்சில் 40 சதவீதம் விழுந்தாலும் 0.8 தான். கூடைக்கு அடியில் போய்ப் போட்டால் 60 சதவீதம் விழும் என்று வைத்தால் 1.2. ஆக, கோட்டுக்கு வெளியே அல்லது கூடைக்கு அடியில். நடுவில் நின்று எறிவது நஷ்டம்.

ஆனால் அந்த இரண்டு இடங்களையும் எப்படித் திறப்பது என்பதில்தான் போப்பின் கைத்திறன். ஐந்து பேரும் கோட்டுக்கு வெளியே பரவி நிற்பார்கள். ஏழடி சென்டர் வில்லியம்ஸ், வழக்கமாகச் சென்டர்கள் நிற்கும் கூடையடியில் நிற்காமல், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா வீச்சு) கோட்டின் முனையில் அல்லது வளைவின் உச்சியில் பந்தை வாங்குவார். கூடையடி காலியாகிவிடும். பந்தைக் கொடுத்த கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) அவரை நோக்கியே ஓடி வருவார், கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்வது போல. இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கார்டைத் துரத்தும் தடுப்பாளருக்கு மூன்று வழி. வில்லியம்ஸின் உடம்பைச் சுற்றிக் கார்டின் பின்னாலேயே துரத்தினால், கார்டு பந்தை வாங்கி நேராகக் கூடைக்குப் போய்விடுவார். வில்லியம்ஸுக்கு மறுபக்கமாகக் குறுக்கு வழியில் போனால், பந்தை வாங்கிய இடத்திலேயே கார்டு மூன்று புள்ளி எறிவார். இரண்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே பாய்ந்து வழியை மறித்தால், கார்டு அரை அடி எடுத்து வைத்துவிட்டுச் சட்டென்று பின்பக்கமாகக் கூடைக்கு வெட்டி ஓடுவார். வில்லியம்ஸ் இடது கையால் தரையில் ஒருமுறை தட்டி அனுப்பும் பந்து அவர் கைக்குப் போய்ச் சேரும். தடுக்க ஆள் இருக்காது, ஏனென்றால் தடுக்க வேண்டிய எதிரணி சென்டரை வில்லியம்ஸ் வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இதில் தவறு எங்கே நடக்கும் என்றால், பெரும்பாலும் நேரத்தில். கார்டு அரை நொடி முன்னதாக வந்தால் சென்டர் இன்னும் பந்தைப் பிடித்திருக்க மாட்டார். தாமதமாக வந்தால் தடுப்பாளர் நிலைகொண்டுவிடுவார். மூலையில் நிற்பவர் ஆர்வத்தில் இரண்டடி உள்ளே வந்துவிட்டாலே போதும், அவரைக் காவல் காப்பவர் வெட்டி ஓடும் ஆளையும் சேர்த்துத் தடுத்துவிடுவார். சென்டர் தவறாகத் தள்ளிவிட்ட பந்து எதிரணிக்கு நேரான ஓட்டம், சுலபமான இரண்டு புள்ளி. முதல் மாதத்தில் இந்தக் கைமாற்று இடங்களில் எத்தனை பந்து நழுவுகிறது என்று எண்ணிப் பார்ப்பது, ஸ்கோரைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

எண்ணிக்கையில் இறங்க விரும்புபவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு. வீச்சுகளின் எண்ணிக்கையிலிருந்து தாக்குதல் ரீபவுண்டுகளை (தன் அணியின் விழாத வீச்சைத் தானே திரும்பப் பிடித்தவற்றை) கழியுங்கள். இழந்த பந்துகளைக் கூட்டுங்கள். ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.475 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அணிக்குக் கிடைத்த மொத்த வாய்ப்பு அதுதான். உதாரணமாக 60 வீச்சு, 10 தாக்குதல் ரீபவுண்டு, 12 இழப்பு, 20 ஃப்ரீ த்ரோ என்றால் 60 − 10 + 12 + 9.5 = 71.5 வாய்ப்பு. 80 புள்ளி எடுத்திருந்தால் வாய்ப்புக்கு 1.12. இதே 80-ஐ 80 வாய்ப்பில் எடுத்த அணி சாதாரண அணி. வேகமாக ஆடும் அணிகளின் நூறு புள்ளி நம்மை மயக்குவது இந்தக் கணக்கைப் போடாததால்தான். அதோடு வீச்சுத் தரத்துக்கு இன்னொன்று: விழுந்த வீச்சுகளோடு விழுந்த மூன்று புள்ளிகளில் பாதியைக் கூட்டி, மொத்த வீச்சால் வகுக்க வேண்டும். 60-இல் 28 விழுந்து அதில் 9 மூன்று புள்ளி என்றால் 32.5-ஐ 60 ஆல் வகுத்து 54 சதவீதம். பெரிய அணியோடு ஆடும்போதும் இந்த எண் ஐம்பதுக்கு மேல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் உண்மையான சோதனை நவம்பர் 12, அட்லாண்டாவில், பெரிய அணியான டியூக்கோடு. எதிரே கூப்பர் ஃப்ளாக், அந்த ஆண்டின் புதுமுகங்களில் எல்லோரும் பேசிய பையன். அன்று 26 புள்ளி, 12 ரீபவுண்டு. இடைவேளையில் கென்டக்கி 37-46 என்று பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் ஆட்டம் திரும்பியதில் புதுத் தாக்குதல் முறைக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு வயதுக்கும் உண்டு என்பது என் கணிப்பு. ஐந்தாம் ஆண்டுக்காரர்கள் தோள் கொடுத்து நின்றார்கள். கடைசி ஒரு நிமிடத்துக்குள் 72-72. ஃப்ளாக் உள்ளே நுழைந்து திரும்பும்போது ஓவே கையை நீட்டிப் பந்தைத் தட்டிப் பறித்தார், மறுபக்கம் ஓடி ஃபவுல் வாங்கினார், இரண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டார். 77-72. ஓவே செய்ததை எந்த வரைபடப் பலகையும் சொல்லிக்கொடுக்காது. ஆனால் இப்படிச் செய்யும் ஆளை ஏப்ரலில் தேடி எடுத்தது பயிற்சியாளரின் வேலை.

இதன் பிறகு மறுபடி சின்ன அணிகள். லிப்ஸ்கோம் 97-68, ஜாக்சன் ஸ்டேட் 108-59, வெஸ்டர்ன் கென்டக்கி 87-68, ஜார்ஜியா ஸ்டேட் 105-76. ஏழுக்கு ஏழு. தரவரிசையில் நான்காம் இடம்.

டிசம்பர் 3, கிளெம்சன் ஊரில் முதல் தோல்வி. 70-66. இந்த 66-ஐ மேலே உள்ள எண்களோடு சேர்த்துப் பாருங்கள். டியூக் ஆட்டத்தைத் தவிர எதிலும் 87-க்குக் கீழே இறங்காத அணி இது. எதிரணியின் ஊர், சத்தம், எதிரணி மைதானத்தில் முதல் ஆட்டம் என்று காரணம் சொல்லலாம்தான். ஆனால் முறையிலேயே ஒரு பலவீனம் இருந்தது. வில்லியம்ஸ் அருமையாகப் பந்து கொடுப்பவர். கோட்டுக்கு வெளியிலிருந்து எறிபவர் இல்லை. அதனால் அவரைக் காவல் காக்கும் சென்டர், அவர் வெளியே போனாலும் கூடவே போகாமல் கூடையடியிலேயே காலூன்றி நிற்க முடியும். அப்போது 'ஐந்து பேர் வெளியே' என்பது உண்மையில் நான்கு பேர் வெளியே என்று ஆகிவிடும். பின்பக்கமாக வெட்டி ஓடும் கார்டு நேராக ஒரு மலையில் போய் முட்டுவார். இதற்கு மாற்று உண்டு: காவலர் விலகி நிற்கும்போது வில்லியம்ஸ் ஓடி வரும் கார்டுக்குப் பந்தை கையிலேயே கொடுத்து, அந்த இடத்தில் திடமாக நின்று துரத்துபவரை மறிக்க வேண்டும், விலகி நின்ற சென்டரால் அந்த வீச்சை எட்டித் தடுக்க முடியாது. கார்டு எறிய வேண்டும், அது விழ வேண்டும். விழாத இரவில் 66 தான்.

நான்கு நாள் கழித்து சியாட்டிலில் கொன்சாகா. இடைவேளையில் 34-50. ஒரு கட்டத்தில் 18 புள்ளி பின்னால். அங்கிருந்து கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோய் 90-89 என்று வென்றார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தத் தொடக்க காலத்தின் மிகச் சிறந்த ஆட்டம் இதுதான், டியூக் ஆட்டத்தையும்விட. தோற்ற கையோடு, வீட்டிலிருந்து நாட்டின் மறுகோடியில், பதினாறு புள்ளி கடனோடு இடைவேளைக்குப் போன புது அணி, தன் முறையை விட்டுவிட்டு ஆளாளுக்குத் தனியாக முயன்று பார்ப்பதுதான் வழக்கம். இவர்கள் அப்படிச் சிதறவில்லை. பந்து கைமாறிக்கொண்டே இருந்தது. ஒரு அணி பயிற்சியாளர் சொல்வதை நம்பத் தொடங்கிவிட்டதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

அந்த இரவுக்கு விலையும் இருந்தது. க்ரீசாவின் கால் எலும்பு முறிந்தது. அந்த சீசனில் அவர் திரும்பவே இல்லை. பந்தை மேலே கொண்டுவரத் தெரிந்த இரண்டு அனுபவசாலிகளில் ஒருவர் போனார் என்றால், மற்றவரான பட்லரின் மேல் பாரம் இரட்டிப்பானது. அணியின் ஆட்டத்தையே ஒரு கார்டின் முடிவெடுக்கும் வேகத்தில் கட்டி வைத்திருந்தால், மாற்று கார்டு இல்லாமல் போவது சின்ன விஷயமில்லை. வில்லியம்ஸ் ரீபவுண்டை எடுத்துத் தானே பந்தைத் தட்டிக்கொண்டு வந்தது பார்க்க அழகு. அதில் தேவையும் கலந்திருந்தது.

டிசம்பர் 14, எதிரே லூயிவில். அங்கும் புதுப் பயிற்சியாளர், பேட் கெல்சி. மாநிலத்தின் பெரிய பகை. பட்லர் 33 புள்ளி எடுத்தார். எறிந்த ஆறு மூன்று புள்ளியும் விழுந்தன. 93-85. பட்லர் அப்படி எறிவார் என்று யாரும் அவரை எடுக்கவில்லை, தடுப்பாட்டத்துக்காகப் பேர் வாங்கியவர் அவர். அதனாலேயே இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறுக்கு ஆறு என்பது ஓர் இரவின் கொடை. எதிரணிக்கு 85 புள்ளி விட்டுக்கொடுத்தது பழக்கம்.

அந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் கணக்குக் கேட்டது. டிசம்பர் 21, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், தரவரிசையில் இடமே இல்லாத ஒஹாயோ ஸ்டேட். 85-65 தோல்வி. கார்டு ப்ரூஸ் தார்ன்டன் 30 புள்ளி.

கென்டக்கியின் தடுப்பாட்டத்தை இங்கே விளக்க வேண்டும். எதிரணி கார்டு தன் சென்டரின் மறைப்பைப் (துரத்துபவரின் வழியில் சென்டர் அசையாமல் நிற்பதை) பயன்படுத்தி வரும்போது, கென்டக்கி சென்டர் முன்னால் போகாமல் கூடையைக் காத்துப் பின்னால் தங்கிவிடுவார். கார்டைத் துரத்துபவர் மறைப்பைத் தாண்டி பின்னாலிருந்து நெருக்க வேண்டும். நோக்கம் நல்லது: எதிரி எறிவது நஷ்டமான நடுத்தூர வீச்சாக இருக்கட்டும், ஃபவுலும் குறையட்டும். ஆனால் துரத்துபவர் மறைப்பில் ஒரு நொடி மாட்டிக்கொண்டால், எதிரி கார்டுக்குப் பதினைந்து அடி காலி நிலம். தார்ன்டன் போலத் திடமான உடம்பும் நிதானமும் உள்ள கார்டுக்கு அது வரவேற்பு. இன்னொரு குறை: இப்படிப் பின்வாங்கி நிற்கும் அணி எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பது குறைவு. பறிக்காவிட்டால் ஓட்டத்தில் கிடைக்கும் சுலபப் புள்ளிகளும் குறையும். சொந்த வீச்சு விழாத நாளில் ஊன்றிக்கொள்ளக் கம்பு இருக்காது. மறைப்புக்கு ஆளை மாற்றிக்கொள்வது, சென்டரை முன்னால் அனுப்பி இருவராக நெருக்குவது என்று வேறு வழிகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சுழல வேண்டும். முன்பின் தெரியாத ஆட்களைக் கோடையில் சேர்த்த அணியில் அது கடைசியாகத்தான் வரும். தாக்குதலில் ஒருவர் பிசகினால் ஒரு வாய்ப்பு வீணாகும். தடுப்பில் ஒருவர் பிசகினால் மற்ற நால்வரின் உழைப்பும் வீண்.

புத்தாண்டுக்கு முன் பிரௌனை 88-54 என்று வென்று, 11 வெற்றி 2 தோல்வியோடு தங்கள் லீகான எஸ்.இ.சி.-க்குள் ஆடும் ஆட்டங்களுக்குப் போனார்கள். ஜனவரி 4, ஃப்ளோரிடா: 106-100 வெற்றி. எதிரணி அதுவரை தோற்காதது. பின்னால் அதே ஃப்ளோரிடாதான் தேசியப் பட்டம் வென்றது. மூன்றே நாளில் ஜார்ஜியா ஊரில் 69-82. இந்த இரண்டு ஸ்கோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நவம்பரிலிருந்து பார்த்தவர்களுக்கு எதுவும் புதிதாக இருந்திருக்காது. வருங்காலச் சாம்பியனையே வீழ்த்தும் தாக்குதல், அதே ஆட்டத்தில் நூறு புள்ளி கொடுத்த தடுப்பு, வெளியூரில் வீச்சு வறண்டால் கைகொடுக்க ஒன்றுமில்லாத நிலை. ஜனவரி 18-இல் சொந்த மைதானத்தில் அலபாமாவிடம் 97 புள்ளி எடுத்தும் தோற்றார்கள், 102 கொடுத்து.

அந்த லீகும் அப்படிப்பட்டது. பதினாறு அணிகளில் பதினான்கு அந்த ஆண்டு தேசியப் போட்டிக்குத் தேர்வாயின. அதற்கு முன் எந்த லீகுக்கும் அப்படி நடந்ததில்லை. பட்லருக்குத் தோள் காயம், பிறகு ராபின்சனுக்கு மணிக்கட்டு அறுவை சிகிச்சை என்று ஆள் குறைந்துகொண்டே வந்தும் கென்டக்கி டென்னசியை இரண்டு முறை வென்றது. தேசியப் போட்டியில் டிராயையும் இல்லினாயையும் தாண்டி 2019-க்குப் பிறகு முதல் முறையாகக் கடைசி பதினாறுக்குள் போனது. அங்கே மூன்றாம் முறையாக எதிரே வந்தது டென்னசி. 78-65 என்று கென்டக்கி தோற்றது. டிசம்பரில் நியூயார்க்கில் எடுத்ததும் 65 தான்.